கறுப்பு மட்கார்டுக்குக் கலர் எதற்கு?

ஜீப் வாங்குகிறார்கள். லட்சம் லட்சமாகக் கொட்டிக் கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கிய கொஞ்ச நாளிலேயே அதைப் பெயிண்ட் பட்டறையில் கொண்டு போய் நிறுத்துகிறார்கள்.

"அண்ணே! சக்கரத்துக்கு மேலே கறுப்பாக ஒரு வளைவு இருக்கிறதே, அது நன்றாக இல்லை. வண்டியின் கலரிலேயே அடித்து விடுங்கள். நாளைக்குக் கல்யாணம். சாயங்காலம் வண்டி வேண்டும்" என்கிறார்கள்.

பெயிண்டரும் அடித்துக் கொடுக்கிறார். வண்டி புது மாப்பிள்ளை மாதிரி ஜொலிக்கிறது!

ஒரு மழைக்காலம் போகிறது. ஒரு கோடை போகிறது. அடித்த பெயிண்ட் பாம்புச் சட்டை போல உரிந்து தொங்குகிறது. வண்டிக்காரர் பெயிண்டரைத் திட்டுகிறார். பெயிண்டர் பிளாஸ்டிக்கைத் திட்டுகிறார்.

குற்றம் யார் மீது? அவசரத்தின் மீது!

அந்தக் கறுப்பு எதற்கு?

அந்தக் காலத்து ஜீப்பில் மட்கார்டு முழுவதும் இரும்புத் தகடு. கல் அடித்தால் நசுங்கும். பெயிண்ட் போன இடத்தில் துருப் பிடிக்கும். மீமிசல், கோட்டைப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று பட்டால், துரு இன்னும் வேகமாகப் பரவும்.

இப்போது வரும் ஜீப் வகை வண்டிகளில் மட்கார்டின் விளிம்பில் கறுப்பு பிளாஸ்டிக் வளைவு வைக்கிறார்கள். புது உருவம் எடுத்த மகிந்திரா தார் 2020 அக்டோபர் 2-ந் தேதி விற்பனைக்கு வந்தது. மாருதி ஜிம்னி 2023 ஜூன் மாதம் வந்தது. இரண்டிலும் இந்தக் கறுப்பு வளைவு உண்டு.

அது அழகுக்கு மட்டும் வைத்தது இல்லை. அது வண்டியின் செருப்பு!

புதுக்கோட்டை மாவட்டத்துப் பாதைகளை நினைத்துப் பாருங்கள். செம்மண் தடம், சரளைக் கல், முந்திரித் தோப்பு, கண்மாய்க் கரை, இரண்டு பக்கமும் சீமைக் கருவேல முள். சக்கரம் வாரி இறைக்கும் கல்லை அந்த வளைவுதான் வாங்கிக் கொள்கிறது. முள் கிழிப்பதும் அதைத்தான்.

பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும். துருப் பிடிக்காது. மேலே மட்டும் கறுப்பு என்று இல்லாமல், உள்ளே வரைக்கும் கறுப்பு. ஆகவே கீறல் விழுந்தாலும் அவ்வளவாகக் கண்ணில் படாது.

அதன் மேல் சிவப்போ வெள்ளையோ அடித்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு முள்ளும் ஒரு கறுப்புக் கோடு போடும். செருப்புக்குப் பட்டுத் துணி சுற்றியது போல ஆகி விடும்!

ஏன் உரிகிறது?

இப்படிப்பட்ட வளைவுகளைப் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை ஒட்டித்தான் செய்கிறார்கள். இத்தாலி நாட்டு விஞ்ஞானி ஜூலியோ நாட்டா 1954-ல் இதை உருவாக்கிக் காட்டினார். 1963-ல் ஜெர்மனியின் கார்ல் சீக்லருடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

இந்தப் பொருள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி, அரிசி வரும் வெள்ளைச் சாக்கு எல்லாம் பெரும்பாலும் இதே இனம்தான்.

இதற்கு ஒரு குணம் உண்டு. எதையும் ஒட்ட விடாது!

தாமரை இலையில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், ஒட்டாது. பாலிபுரோப்பிலீன் மேல் பெயிண்டும் அப்படித்தான். காய்ந்த பிறகு தோல் மாதிரி மேலே உட்கார்ந்திருக்கும். பிடிப்பு இருக்காது. கல் ஒன்று தெறித்து ஓரம் பெயர்ந்தால் போதும். அந்த வழியாகத் தண்ணீர் நுழையும். பிறகு மொத்தமாக உரியும்.

"கார் பம்பரும் பிளாஸ்டிக்தானே? அதில் கலர் நிற்கிறதே!" என்று சிலர் கேட்பார்கள்.

நிற்கிறது, உண்மை. ஆனால் பாக்டரியில் பம்பரை அப்படியே எடுத்துப் பெயிண்ட் அடிப்பதில்லை. முதலில் கழுவுகிறார்கள். பிறகு தீச்சுடரை நொடி நேரம் மேலே ஓட விடுவது போன்ற முறைகளால், அல்லது தனிப் பிரைமர் கொடுத்து, பெயிண்ட் பிடிக்கும்படி பக்குவம் செய்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கலர்!

சித்தன்னவாசல் சொல்லும் பாடம்

கலர் நிற்க வேண்டுமானால் முதலில் தளம் பக்குவப்பட வேண்டும். இந்தப் பாடத்தைப் படிக்கப் புதுக்கோட்டைக்காரர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. சித்தன்னவாசல் பக்கத்திலேயே இருக்கிறது.

அங்கே சமணர் குகைக் கோவிலில் தாமரைக் குளமும், பூப்பறிக்கும் உருவங்களும் தீட்டப்பட்டிருக்கின்றன. 9-ம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அந்தக் கோவிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது.

அந்த ஓவியர்கள் வெறும் பாறை மீது கலரை அப்பி விடவில்லை. முதலில் சுண்ணாம்புச் சாந்து பூசினார்கள். அதன் மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சுக் கொடுத்தார்கள். அதற்கு மேல்தான் தூரிகையை வைத்தார்கள். எத்தனையோ இடம் அழிந்து போனாலும், மிச்சம் இருப்பதை இன்றைக்கும் உலகம் வந்து பார்க்கிறது.

ஆயிரம் ஆண்டு நிற்க வேண்டாம். ஐந்து ஆண்டாவது நிற்க வேண்டாமா?

அடித்துத்தான் ஆக வேண்டுமா?

பிளாஸ்டிக் வெயிலில் வெளுத்துச் சாம்பல் பூத்து விட்டால், அவசரப்பட்டுப் பெயிண்டுக்குப் போகாதீர்கள். சோப்புத் தண்ணீர் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவிப் பாருங்கள். பாதி வெளுப்பு புழுதியாக இருக்கும்! மீதிக்கு, பிளாஸ்டிக்கைக் கறுப்பாக்கும் பூச்சு மருந்து கடைகளில் கிடைக்கிறது. அவ்வப்போது தடவிக் கொள்ளலாம்.

எண்ணெய் தடவாதீர்கள். அன்று மட்டும் பளபளக்கும். மறுநாள் செம்மண் புழுதியை எல்லாம் இழுத்து அப்பிக் கொள்ளும். தீயைக் காட்டிக் கறுப்பாக்கும் வித்தையும் வேண்டாம். பாக்டரியில் செய்வது வேறு. வாசலில் செய்வது வேறு. பிளாஸ்டிக் உருகிக் கோணிக் கொள்ளும்.

கலர் அடித்தே தீருவது என்றால், வேலையின் வரிசை இதுதான்.

முடிந்தால் வளைவைக் கழற்றி விட வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவிக் காய வைக்க வேண்டும். மெழுகு, எண்ணெய்ப் பசையைப் போக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். நைசான உப்புத்தாளால் மினுமினுப்புப் போகும்படி தேய்க்க வேண்டும். மறுபடியும் துடைக்க வேண்டும்.

அடுத்தது மிக முக்கியம். பிளாஸ்டிக்குக்கென்றே விற்கும் பிரைமரை மெல்லிசாக அடிக்க வேண்டும். இரும்புக்கு அடிக்கும் பிரைமர் இதற்கு உதவாது. டப்பாவில் போட்டிருக்கும் நேரக் கணக்குப்படி அடுத்த பூச்சைக் கொடுக்க வேண்டும். கலரை ஒரே தடவையில் கெட்டியாக அடிக்காமல், மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் வளையும்போது பெயிண்டும் கூடவே வளைய, அதில் கலக்கும் மருந்து தனியாக இருக்கிறது. அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த வேலையில் ஸ்பிரே கன்னைக் கையில் பிடிக்கும் நேரம் கொஞ்சம். அதற்கு முன்னால் கழுவுவதும் தேய்ப்பதும்தான் அதிகம். ஆனால் கூலி பேசும்போது கலருக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறோம். தேய்ப்புக் கூலியைக் குறைத்தால், அந்தத் தேய்ப்புத்தான் குறையும்!

பெயிண்டரின் மூச்சு

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

இப்போது மோட்டார் வண்டிகளுக்கு இரண்டு டப்பா பெயிண்ட் அடிக்கிறார்கள். ஒரு டப்பாவில் கலர். இன்னொன்றில் ஹார்டனர். இரண்டையும் கலந்தால் கெட்டியாக இறுகும், நன்றாகப் பளபளக்கும். அந்த ஹார்டனரில் பெரும்பாலும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது.

அது புகை போலப் பறந்து நெஞ்சுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம். உலகம் முழுவதும் ஸ்பிரே பெயிண்டர்களுக்கு வரும் தொழில் நோய்களில் இது முக்கியமானது. ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாமல் போய் விட்டால், பிறகு துளி காற்றில் இருந்தாலும் மூச்சுத் திணறும். அந்தத் தொழிலையே விட வேண்டி வரும்.

முகத்தில் துண்டு கட்டிக் கொண்டால் அது நிற்காது. துணி முகமூடியும் போதாது. சுத்தமான காற்றைக் குழாய் வழியாகக் கொடுக்கும் முகமூடி வேண்டும். கையுறை, கண்ணாடி வேண்டும். காற்று வெளியேறும் தனிக் கொட்டகை வேண்டும்.

"சாயங்காலம் வண்டி வேண்டும்" என்று நெருக்கினால் இதற்கெல்லாம் நேரம் ஏது? பட்டறை வாசலில், தெருப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, வேலை நடந்து விடுகிறது. நம் வண்டி ஒரு நாள் மினுக்க, ஒரு தொழிலாளி ஆயுள் பூராவும் இருமுவதா? இது நியாயமா?

பட்டறை முதலாளிகளும் யோசிக்க வேண்டும். நல்ல முகமூடிக்குப் போடும் பணம் வீண் செலவு ஆகாது. அது ஒரு குடும்பத்தின் சோறு.

சட்டமும் இருக்கிறது

வண்டியின் கலர் ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகி இருக்கிறது. வளைவுக்கு மட்டும் பெயிண்ட் அடிப்பது சின்ன வேலை. வண்டி முழுவதையும் வேறு கலருக்கு மாற்றுவதானால், முன்கூட்டியே ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரித்துக் கொள்வது நல்லது. வெளியே நீட்டிக் கொண்டிருக்கும் பெரிய வளைவு, பெரிய சக்கரம் மாட்டுவதும் யோசித்துச் செய்ய வேண்டியது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது.

முடிவு உங்கள் கையில்

கறுப்பு வளைவு கறுப்பாகவே இருப்பதுதான் நல்லது. அது உழைக்கும் இடம். உழைக்கும் இடத்தில் கீறல் இருந்தால் அவமானம் இல்லை.

கலர் வேண்டும் என்று ஆசைப்பட்டால், பெயிண்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பிளாஸ்டிக் பிரைமர் அடிப்பீர்களா? எத்தனை நாள் வேண்டும்? உங்களுக்கு முகமூடி இருக்கிறதா?

முதல் கேள்வி உங்கள் பணத்தைக் காப்பாற்றும். இரண்டாவது கேள்வி வேலையைக் காப்பாற்றும். மூன்றாவது கேள்வி ஒரு மனிதனைக் காப்பாற்றும்!