அவர் கடிதத்தை அவரே படிக்கட்டும்

ராசிபுரத்தில் எங்கள் சித்தப்பா இருக்கிறார். கண் பார்வை கிடையாது. முன்பெல்லாம் அவருக்குக் கடிதம் வந்தால் அடுத்த வீட்டுப் பையன்தான் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பான். குடும்பக் கஷ்டம் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்! உங்கள் கடிதத்துக்கு அந்தக் கதி என்றால் பொறுப்பீர்களா, சகோதரி?

2000-ஆம் ஆண்டில் நியூஸிலாந்துக்காரர்கள் 'பிரெய்ல்நோட்' என்ற கையடக்கக் கருவியைக் கொண்டுவந்தார்கள். அதற்குத் திரையே கிடையாது. நுண்ணிய ஊசிகள் எழும்பித் தாழ்ந்து விரலுக்கடியில் பிரெய்ல் எழுத்தாகும்; குரலும் பேசும். தொலைபேசிக் கம்பியில் இணைத்தால் மின்னஞ்சல் வரும். பின்னர் இணையமும் வந்தது. விலையோ ஆயிரக்கணக்கான டாலர்! நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் யாரால் வாங்க முடியும்?

2009-ல் காலம் மாறிற்று. ஐபோனில் 'வாய்ஸ்ஓவர்', ஆண்ட்ராய்டில் 'டாக்பேக்' என்று, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் வசதி கைபேசியிலேயே வந்துவிட்டது. தனிக் காசு வேண்டாம். இன்று தமிழும் படிக்கிறது. சித்தப்பா இப்போது தம் கடிதங்களைத் தாமே கேட்டுக்கொள்கிறார்.

போன மாதம் என் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையைப் படமாக அனுப்பினேன். "கைபேசி 'படம்' என்று சொல்லி நிறுத்திவிட்டதம்மா. பழையபடி அடுத்த வீட்டுப் பையனைத்தான் கூப்பிட்டேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

நீங்களாவது படத்தின் கீழே நாள், நேரம், மண்டபம் மூன்றையும் எழுத்தாகத் தட்டி அனுப்புங்கள். இரண்டு நிமிஷ வேலைதான். அழைப்பு நேரே அவரிடமே போய்ச் சேரும்.