இரண்டு ஏலங்கள்

பெங்களூரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் இரவு பதினொன்றரை மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். அந்நேரத்து அழைப்பு என்றால் யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் மனம் முதலில் எண்ணும். அவர் குரலிலோ பெருமகிழ்ச்சி. ஜெர்மனியிலிருந்து ஒரு கொமடோர் 64 கணினியை இணைய ஏலத்தில் வென்றுவிட்டாராம். ஏலம் முடிய ஆறு நொடி இருக்கும்போது தொகையை ஏற்றி, அதுவரை முன்னணியில் இருந்தவரை வீழ்த்தினாராம். "ஒரு காலகட்டத்தையே காப்பாத்தியிருக்கேன்" என்றார். வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டேன். அப்போது சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அவர் எதையும் காப்பாற்றவில்லை. கொமடோர் 64 என்பது 1982இல் சந்தைக்கு வந்து உலகெங்கும் ஒரு கோடிக்கும் மேல் விற்ற எந்திரம். அதன் மின்சுற்று வரைபடம், கையேடு, விளையாட்டுகள், அவற்றின் இசை எல்லாமே பலமுறை பிரதியெடுக்கப்பட்டு இணையத்தில் கிடைக்கின்றன. அதைப் பேணுவதற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். நண்பர் வாங்கியது ஜெர்மனியில் யாரோ ஒரு பையனின் இளமைப்பருவத்தை. அவருடைய இளமை நாகர்கோவிலில் ஏதோ ஒரு பள்ளியின் பூட்டிய அறைக்குள் இருந்தது. அது என்ன ஆயிற்று என்று அவர் ஒருநாளும் விசாரித்ததில்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். இதே குற்றத்தைச் செய்தவன் என்பதே தகுதி.

2004இல் ஈபே நிறுவனம் நம்மூர் ஏலத்தளமான பாஸி.காமை வாங்கியது. (அந்த இந்தியத் தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டது.) அடுத்த சில ஆண்டுகள் என் இரவுகள் ஏலங்களில் கழிந்தன. அந்த உலகின் மொழியை முதலில் கற்றுக்கொள்ளவேண்டும். 'அரியது' என்று தலைப்பில் போட்டிருந்தால் அதேபோல் இன்னும் முப்பது விற்பனைக்கு இருக்கும். 'சோதிக்கப்படவில்லை' என்றால் சோதித்தாயிற்று, ஓடவில்லை என்று பொருள். 'பரணிலிருந்து எடுத்தது' என்றால் எலி கடித்த கம்பி. ஏலத்தை வெல்பவர் பொருளின் மதிப்பைச் சரியாகக் கணித்தவராக இருக்கவேண்டியதில்லை. கேட்டவர்களிலேயே மிகையாகக் கணித்தவரே வெல்வார். 2007இல் அப்படி மிகையாகக் கணித்து இங்கிலாந்திலிருந்து ஒரு ஸின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் வாங்கினேன். அஞ்சல் செலவும் சுங்கமும் சேர்ந்து எந்திரத்தின் விலையைத் தாண்டின. வந்து சேர்ந்தபோது விசைப்பலகைக்கு அடியிலுள்ள மெல்லிய தகட்டின் நாடா பொரிந்து உடைந்திருந்தது. அதற்கு மாற்று வாங்க இன்னொரு தளம். எங்கள் இராஜாக்கமங்கலத்து உப்புக்காற்றில் சன்னல் கம்பியே பொருபொருத்து உதிரும். இரண்டு மழைக்காலத்தில் ஸ்பெக்ட்ரத்தின் இணைப்பு முனைகளில் பச்சை பூத்துவிட்டது.

ஆனால் என் குறை அந்த எந்திரத்தைப் பற்றியதன்று. அதே ஆண்டில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி நடந்ததைப் பற்றியது. அதற்கு முன் சில விஷயங்களைச் சொல்லவேண்டும்.

மத்திய அரசு 1984இல் 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிகளுக்குக் கணினி கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. தேர்ந்தெடுத்த கருவி இங்கிலாந்தின் பிபிசி மைக்ரோ. மொஹாலியிலிருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் அதன் இந்திய வடிவத்தை 'யூனிகார்ன்' என்ற பெயரில் தயாரித்தது. 1989இல் அந்நிறுவனத்தின் சில்லுத் தொழிற்கூடம் தீயில் அழிந்தது. ஸ்பெக்ட்ரத்திற்கும் இந்திய வடிவம் உண்டு. டெசிபெல்ஸ் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று 1986இல் 'டிபி ஸ்பெக்ட்ரம்' என்று வெளியிட்டது. சென்னையில் ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் மலிவுவிலையில் 'சிவா பிஸி'யை விற்றது. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து போன ஷிவ் நாடாரும் நண்பர்களும் 1976இல் தொடங்கிய எச்.சி.எல். 'பிஸிபீ' என்ற கணினியைச் செய்தது. நம் தலைமுறையின் விரல்கள் பட்டது இவற்றின் மேல்தான். சரியாகச் சொன்னால், படவிடாமல் தடுக்கப்பட்டது இவற்றின் மேல்தான். நான் படித்த பள்ளியில் கணினி அறை பூட்டியே கிடக்கும். வாரம் ஒருமுறை செருப்பைக் கழற்றி வெளியே வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போய், கைகட்டி நின்று பார்த்துவிட்டு வரவேண்டும். இரண்டாண்டுகளில் ஒரு விசையைக்கூட நான் அழுத்தியதில்லை.

அந்தப் பெட்டிகள் பின்னர் உடைந்த பெஞ்சுகள், துருப்பிடித்த மணி, ஓட்டை வாளிகள் ஆகியவற்றோடு ஒரே குவியலாகப் பள்ளி முற்றத்தில் ஏலம் விடப்பட்டன. ஆக்கர் கடைக்காரர் ஒருவர் மொத்தமாக எடுத்தார். அந்த ஏலத்தில் ஆறு நொடிப் போட்டி எதுவும் நடக்கவில்லை.

ஆக, ஏலங்கள் இரண்டு. ஒன்றில் பொருளை எடைபோடுகிறார்கள், மற்றதில் ஞாபகத்தை. 1976இல் 666 டாலர் 66 செண்டுக்கு விற்ற ஆப்பிள் 1 கணினி ஒன்று 2014இல் நியூயார்க் ஏலத்தில் 9,05,000 டாலருக்குப் போனது. அதன் சில்லுகள் பொன்னாகிவிடவில்லை. அந்தப் பெட்டியைச் சுற்றி நூல்கள், திரைப்படங்கள், ஆய்வுகள், அருங்காட்சியகங்கள் என்று ஒரு சமூகமே கதையை எழுப்பியது. அந்தக் கதையின் விலைதான் அது. யூனிகார்னுக்கு யாரும் கதை எழுதவில்லை. ஆகவே அதற்கு விலை இல்லை. விலை இல்லாததால் அது எடைக்குப் போயிற்று, எடைக்குப் போனதால் இனிக் கதை எழுதவும் பொருள் இல்லை. நாமோ வெளிநாட்டு ஏலத்தில் பணம் கட்டிப் பிறர் கதையின் விலையை மேலும் உயர்த்துகிறோம்.

எங்கள் கடற்கரைக்கு இது புதிதன்று. இங்கிருந்து கரையோடு மேற்கே போனால் மணவாளக்குறிச்சி. அங்கே மோனசைட் மணல் இருப்பதை 1909இல் கண்டுசொன்னவர் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர். இங்கிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணல் அவர் கண்ணில் பட்டது. தலைமுறைகளாகக் காலில் ஒட்டிய மண்ணின் மதிப்பை அயலார் சொல்லித்தான் அறிந்தோம். பழைய கணினி விஷயத்தில் அதைவிடக் கீழே இறங்கியிருக்கிறோம். நம் மண்ணை உதறிவிட்டு அவர்கள் மண்ணை விலைகொடுத்து வாங்குகிறோம்.

இனி அந்த மூன்றாவது தெரு. பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் அங்கே இருந்தார். 1991இல் ஓய்வூதியப் பணத்தில் ஒரு கணினி வாங்கினார். ஊரே சிரித்தது. இராஜாக்கமங்கலம் துறையிலும் அக்கம்பக்கத்துத் துறைகளிலும் முதியவர்களிடம் கேட்டு ஒரு கடற்சொல் அகராதியை அதில் தட்டச்சு செய்துவந்தார். காற்றின் பெயர்கள், நீரோட்டமான நீவாட்டின் வகைகள், மீனின் ஒவ்வொரு பருவத்துக்கும் உரிய தனிப்பெயர்கள். கரையிலுள்ள மலைமுடியையும் கோபுரத்தையும் பனையையும் நேர்வைத்துக் கடலடிப் பாரின் இடத்தைக் கண்டறியும் கணியங்களைத் தனியாகத் தொகுத்தார். கட்டுமரத்தில் போனவர்கள் தம் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிவைத்தவை அவை. "ஒரு நாள் வாருங்க தம்பி, இத வேற எங்கயாவது ஏத்தி வச்சிரலாம்" என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். 2007இல் இரண்டுமுறை ஆளனுப்பினார். நான் ஸ்பெக்ட்ரத்துக்கு நாடா தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆண்டு அவர் இறந்தார். மேலும் ஓராண்டு கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். "பெட்டிய ஆக்கர்காரனுக்குப் போட்டாச்சு மக்ளே. கறுப்புத் தட்டு மட்டும் கெடக்கு, வேணும்னா எடுத்துக்கிடு" என்றார் அவர் மனைவி. ஐந்தேகால் அங்குல நெகிழ்வட்டுகள் பதினான்கு. உறையைத் திறந்தால் பூஞ்சை மணம். பல ஆண்டுகள் அவை என் அலமாரியில்தான் கிடந்தன. பின்னர் பழைய வட்டியக்கி ஒன்றைத் தேடிப்பிடித்து, வட்டின் காந்தத் துடிப்பை நேரடியாக வாசிக்கும் சிறு மின்னட்டை ஒன்றையும் வரவழைத்துப் படித்ததில் ஐந்து தேறின. ஒன்பது தேறவில்லை.

தேறிய ஐந்தும் உடனே தமிழாகிவிடவில்லை. கனடாவில் ஸ்ரீநிவாசன் 1984இல் 'ஆதமி'யை உருவாக்கிய காலம் தொட்டுத் தமிழ் மென்பொருள்கள் பலவும் எழுத்துகளுக்குத் தத்தம் விருப்பப்படியே எண்களைக் கொடுத்தன. பின்னர் தகுதரம் வந்தது. ஒருங்குறியைத் தமிழக அரசு ஏற்றது 2010இல். ஆசிரியர் பயன்படுத்திய மென்பொருளும் எழுத்துருவும் கணினியின் வன்தட்டில் இருந்தன. வன்தட்டு ஆக்கர் கடையில் உடைபட்டிருக்கும். என் கையில் இருந்தவை எண்கள் மட்டுமே. அகராதி அகரவரிசையில் இருந்ததால் பிழைத்தேன். முதலெழுத்து எந்த ஒழுங்கில் மாறுகிறது என்று பார்த்து, ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய எழுத்தை மூன்று மாதம் உட்கார்ந்து கண்டுபிடித்தேன். 'கச்சான்', 'கொண்டல்' என்று சொற்கள் திரையில் எழுந்தபோது அடைந்த உவகையை எந்த ஏலமும் எனக்குத் தந்ததில்லை. கணியங்கள் அந்த ஐந்து வட்டுகளில் இல்லை. அவற்றைச் சொன்ன முதியவர்களும் இன்று இல்லை.

சேகரிப்பாளர்களை முற்றாக மறுப்பது என் நோக்கமன்று. எந்த அரசும் அக்கறைப்படாத காலத்தில் பழைய மென்பொருள்களை மீட்டு வைத்தவர்கள் அவர்களே. நான் வாங்கிய மின்னட்டையும் அத்தகைய ஆர்வலர்களின் ஆக்கம்தான். ஆனால் சேர்ப்பது வேறு, பேணுவது வேறு. மைக்ரோசாப்ட் நிறுவனர்களில் ஒருவரான பால் ஆலன் சியாட்டிலில் பழைய கணினிகளை ஓடும் நிலையிலேயே வைத்து ஓர் அருங்காட்சியகம் நடத்தினார். அவர் 2018இல் இறந்தார். 2020இல் அது மூடப்பட்டது. 2024இல் அவருடைய சேகரிப்பு கிறிஸ்டீஸ் ஏலத்துக்கு வந்தது. ஸ்டீவ் ஜாப்ஸின் அலுவலகத்தில் இருந்த ஆப்பிள் 1 ஒன்று அதில் 9,45,000 டாலருக்கு விற்றது. பெருஞ்செல்வர் சேர்த்ததற்கே அதுதான் கதி என்றால் நம் அலமாரிக்கு என்ன உத்தரவாதம்? ஏலத்தில் வந்தது ஏலத்தில் போகும்.

இதற்கு மாறான சேகரிப்பாளர் நம்மிடையே இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப்பலகை எழுதியவர். பழைய புத்தகங்களோடு துண்டுப்பிரசுரங்களையும் திருமண அழைப்புகளையும் சேர்த்தார். பிறர் விலை வைக்காதவற்றுக்கும் தானே மதிப்பு வைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் அச்சேகரிப்பிலிருந்து சென்னையில் ஓர் ஆய்வு நூலகமே எழுந்தது. கேட்பாரற்றுக் கிடப்பதை முதலில் எடுப்பவரே பேணுபவர் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

சட்டத்தை நம்பிப் பயனில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்படி நூறாண்டு கடந்தால்தான் ஒரு பொருள் தொல்பொருள். கையெழுத்துப் பிரதிக்கு எழுபத்தைந்து. நெகிழ்வட்டு அதுவரை தாங்காது. சிற்றிதழ் நடத்தியவர்கள், நாட்டார் பாடல் தொகுத்தவர்கள், முதல் நாவலைக் கணினியில் தட்டச்சு செய்தவர்கள் எத்தனையோ பேர் இப்பக்கத்தை வாசிக்கிறீர்கள். உங்கள் பரணில் வட்டுகள் இருக்கும். இந்த வாரமே இறக்குங்கள். எந்த மென்பொருளில், எந்த எழுத்துருவில் அடித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி உறைக்குள் வையுங்கள். பழைய கணினியை எடைக்குப் போடுமுன் வன்தட்டைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் யாராவது கூப்பிட்டால் அன்றைக்கே போய்விடுங்கள்.

நண்பரின் கொமடோர் இன்னும் சில நாட்களில் வந்து சேர்ந்துவிடும். அதைப் பார்க்க வரச்சொல்லியிருக்கிறார். போவேன். என்னிடம் மிஞ்சியிருக்கும் ஒன்பது வட்டுகளையும் எடுத்துக்கொண்டு போவேன். ஆறு நொடியில் ஏலத்தை வென்ற பொறுமையும் திறமையும் அவருக்கு இருக்கிறதே, அதில் கொஞ்சத்தை இந்தப் பூஞ்சைக்கு எதிராகச் செலவிடச் சொல்லிக் கேட்பேன்.