15 வயதில் அரையிறுதி... கோவை மாயாவின் வேகத்துக்கு வயது விதி ஏன்?

தகுதிச்சுற்று ஆட ஒரு வைல்டு கார்டு. அதில் ஜெயித்து மெயின் டிராவுக்குள் நுழைந்து, அரையிறுதி வரை போயாச்சு! 2025 பிப்ரவரியில் மும்பை ஓபன் டபிள்யூடிஏ 125 டென்னிஸில் கோவை மாயா ராஜேஷ்வரன் செய்தது இதுதான். அப்போ அவருக்கு வயசு 15.

இனி வாரா வாரம் ஆடலாமா? முடியாது. 18 வயது ஆகும் வரை தொழில்முறை போட்டிகளுக்கு டபிள்யூடிஏ வரம்பு உண்டு. 15 வயதில் பொதுவாக ஆண்டுக்கு 10 தான்.

ஏன்? அமெரிக்காவின் ஜெனிஃபர் கேப்ரியாட்டி 1990-ல், 14 வயதிலேயே பிரெஞ்சு ஓபன் அரையிறுதிக்கு வந்தார். 17 வயதில் சோர்ந்து ஒதுங்கினார். அதன்பிறகு 1995-ல் வந்ததுதான் இந்த விதி.

போட்டி குறைந்தால் புள்ளிகளும் குறையும். அதனால் மாயாவின் தரவரிசை மெதுவாக ஏறினால், 'அவ்வளவுதான்' என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.