ஹாம் ரேடியோ கிட்: சாலிடரிங் முடிஞ்சா பாதி வேலைதான் முடிஞ்சது!

ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். ராத்திரிக்குள் மொத்த போர்டையும் சாலிடர் பண்ணி முடித்துவிட்டேன். ஆசையை அடக்க முடியாமல் 12 வோல்ட் பேட்டரியை நேராக இணைத்தேன். இரண்டே நொடி... புகை! என் முதல் ஹாம் ரேடியோ கிட் 'ஆன்' ஆனது இப்படித்தான்.

காரணம் ரொம்பச் சின்னது. பவர் டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் வைக்க வேண்டிய மைக்கா தகட்டை மறந்துவிட்டேன். ஐஆர்எஃப்510 மாஸ்ஃபெட்டின் உலோக முதுகு அதன் டிரெய்ன் முனையோடு இணைந்தது. அங்கே 12 வோல்ட் வரும். ஹீட் சிங்க்கோ எர்த்தில் இருந்தது. நேரடி ஷார்ட். போர்டின் செப்புத் தடமே கருகிப்போனது.

மறதி யாருக்கும் வரும். 'எல்லாத்தையும் கட்டிட்டு கடைசியில டெஸ்ட் பண்ணிக்கலாம்'னு நினைத்ததுதான் என் நிஜமான தப்பு.

எப்படிச் செய்யணும்?

ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் 2003-ல் வடிவமைத்த 'பிட்எக்ஸ்' உலகம் முழுக்கப் பிரபலம். உள்ளூர் கடையில் கிடைக்கும் பாகங்களே போதும் என்பதற்காக, காயில் சுற்ற குழாய் வாஷரைக்கூட அவர் பயன்படுத்தினார். அதில் ஆஸிலேட்டர், கிறிஸ்டல் ஃபில்டர் போன்றவை ஒலியைப் பெறவும் அனுப்பவும் பொதுவானவை. அதனால் ரிசீவரை முதலில் கட்டி, ஸ்டேஷன்கள் கேட்கிறதா என்று பார்த்துவிட்டால், டிரான்ஸ்மிட்டரின் பெரும்பகுதியும் சரி என்று தெரிந்துவிடும்.

கட்டும்போது இவற்றை மறக்காதீங்க:

• பவர் கொடுக்கும் முன், சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் அளந்து பாருங்கள். பூஜ்ஜியத்தை ஒட்டி நின்றால் எங்கோ ஷார்ட்.

• முதல் தடவை சப்ளை வயரில் ஒரு சின்ன 12 வோல்ட் பல்பைத் தொடராக இணையுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், போர்டு தப்பிக்கும். நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

• காயில் கம்பியின் எனாமலை நன்றாகச் சுரண்டுங்கள். சுரண்டாவிட்டால் சாலிடர் பார்க்க அழகாக இருக்கும், கரண்ட் போகாது.

• பயாஸ் பிரீசெட் குறைந்தபட்சத்தில் இருக்கட்டும். மீட்டரில் கரண்ட்டைப் பார்த்தபடியே மெதுவாக ஏற்றுங்கள்.

• டிரான்ஸ்மிட் சோதனையை ஆன்டெனாவில் செய்யாதீங்க. 50 ஓம் டம்மி லோடு வேண்டும். 200 ஓம், 2 வாட் கார்பன் ரெசிஸ்டர் நான்கை இணையாகச் சேர்த்தால் ரெடி. கம்பி சுற்றிய வகை வேண்டாம்.

கடைசி விஷயம் உங்கள் போர்டோடு நிற்பதில்லை. ஃபில்டர் சரியில்லாத டிரான்ஸ்மிட்டர் அடுத்தவர் அலைவரிசையிலும் போய் இரையும். தேர்வு எழுதி அரசு உரிமம் பெற்றவர் மட்டுமே ஒலிபரப்ப முடியும் என்ற விதி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரெடிமேடா வாங்கினால் என்ன?

தாராளமாக வாங்கலாம். ஆனால், 2004 சுனாமியில் அந்தமானில் தொலைபேசி செயலிழந்தபோது, போர்ட் பிளேரில் இருந்த ஹாம் ரேடியோ ஆர்வலர்கள்தான் செய்திகளை வெளியே கொண்டுவந்தார்கள். அப்படி ஒரு நாளில் செட் பழுதானால் சர்வீஸ் சென்டரைத் தேட முடியாது. எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்கணும் என்று அளந்து பார்த்தவருக்கு மட்டுமே பழுது எங்கே என்று தெரியும்.

அதனால் கிட் விற்பவர்களிடம் ஒன்று கேட்கணும்: எந்தப் பாகம் எங்கே என்ற படம் மட்டும் போதாது. ஒவ்வொரு கட்டத்திலும் மீட்டர் என்ன காட்ட வேண்டும் என்பதையும் அச்சிட்டுக் கொடுங்கள். யூடியூபில் சாலிடரிங்கை மட்டும் வேகமாக ஓட்டிக் காட்டுபவர்களும் மீட்டரைக் கொஞ்சம் காட்டலாம்.

இரண்டாவது கிட்டை நான் மூன்று வாரம் எடுத்துக் கட்டினேன். புகை வரவில்லை. ஹெட்போனில் யாரோ ஒருவரின் குரல் வந்தது.