காரின் முன்னால் 'கட கட' சத்தமா? ரேடியோவைக் கூட்டாதீர்கள்!

நாமகிரிப்பேட்டை,

"கட... கட... டொக்!"

செவ்வாய்க்கிழமை காலை. நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் ஏலம். விரலி, உருண்டை, பனங்காளி என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. லாரி, டெம்போ, மோட்டார் சைக்கிள் என்று ஒரே நெரிசல். அதற்கு நடுவே ஒரு பழைய கார். வேகத்தடை மேல் ஏறி இறங்குகிறது. முன் சக்கரத்தின் பக்கம் இருந்து ஒரு சத்தம் வருகிறது.

"ஏனுங்க, முன்னால ஏதோ அடிக்குதே?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார்.

"அது ஆறு மாசமா அப்படித்தானுங்க. பழைய வண்டின்னா நாலு சத்தம் வரத்தானே செய்யும்!" என்கிறார் கார்க்காரர். சொல்லிவிட்டு ரேடியோவைக் கூட்டுகிறார்.

சத்தம் கேட்கவில்லை. கோளாறு போய்விட்டதா? போகவில்லை!

நாதஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனைக் கொடுத்த ஊர் இது. சுருதி துளி விலகினாலும் முகம் சுளிக்கும் ஊர். அந்த ஊர்க் காதுக்குக் காரின் அபசுரம் மட்டும் கேட்காமல் போகலாமா?

தயாரிப்பு நின்றது; ஓட்டம் நிற்கவில்லை

மாருதி 800 கார் 1983 டிசம்பரில் வந்தது. 2014 ஜனவரியில் அதன் தயாரிப்பு நின்றது. அதே 2014 மே மாதம் அம்பாசடர் தயாரிப்பும் நின்றது. ஆனால் இந்தக் கார்கள் இன்னும் ஓடுகின்றன. கடைக்காரர் வீட்டில், குமாஸ்தா வீட்டில், வாடகைக்கு ஓட்டுபவர் வீட்டில் இன்றும் இவைதான் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகின்றன.

பழைய கார் வைத்திருப்பது தப்பு இல்லை. புதுக் கார் வாங்க எல்லாருக்கும் வசதி இல்லை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. முன் சக்கரத்துக்கும் கார் உடம்புக்கும் நடுவே இருப்பதெல்லாம் ரப்பர் புஷ், பந்து மூட்டு, ஸ்பிரிங், ஷாக் அப்சர்பர். வண்டி ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் ரப்பர் காய்ந்து வெடிக்கும். கிரீஸ் உலரும். தேய்ந்த இடத்தில் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் இரும்பும் இரும்பும் மோதுவதுதான் "டொக்"!

"தெரியாது" என்றால் விடுவார்களா?

விபத்து நடந்ததும் டிரைவர்கள் முதலில் சொல்வது, "பிரேக் பிடிக்கலைங்க!" என்பதுதான். ஆனால் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்துச் சான்று கொடுப்பார். உண்மை அதில் தெரிந்துவிடும்.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 190-வது பிரிவு இருக்கிறது. ஆபத்து உண்டாக்கும் கோளாறோடு வண்டியை ரோட்டில் ஓட்டினால் குற்றம். கோளாறு தெரிந்திருந்தால்தான் குற்றம் என்பது இல்லை. சாதாரண கவனம் வைத்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம் என்றாலும் குற்றம்தான்!

ஆறு மாதமாகச் சத்தம் கேட்கிறது. பக்கத்தில் இருப்பவரும் சொல்கிறார். இதற்கு மேல் என்ன கவனம் வேண்டும்?

சத்தத்தை விசாரியுங்கள்

போலீசார் சாட்சியிடம் மூன்று கேள்வி கேட்பார்கள். எங்கே? எப்போது? எப்படி? சத்தத்தையும் அப்படித்தான் விசாரிக்க வேண்டும்.

முதலில் வீண் சந்தேகத்தை ஒழிக்க வேண்டும். டிக்கியில் ஜாக்கி ஆடுகிறதா? ஸ்டெப்னி ஆடுகிறதா? சைலன்சர் ரப்பர் அறுந்ததா? வீல் நட் இறுக்கமாக இருக்கிறதா? இதையெல்லாம் பார்க்காமல் ஆயிரக்கணக்கில் செலவு செய்தவர்கள் உண்டு.

அதன் பிறகு சத்தம் வரும் நேரத்தைக் கவனிக்க வேண்டும்.

மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னப் பள்ளத்தில் "கட கட" என்றால் ஸ்டெபிலைசர் புஷ், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட் மேல் சந்தேகம்.

பிரேக் போடும்போதும் விடும்போதும் ஒரே ஒரு "டொக்" என்றால் புஷ் தேய்ந்திருக்கலாம். மாருதி 800 காரில் லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் ஓடாமல் பிடித்திருப்பதே ஸ்டெபிலைசர் கம்பிதான். அதன் புஷ் போனால் பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் சக்கரம் நகரும்.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது "டங்" என்றால் ஸ்பிரிங்குக்கு மேலே உள்ள மவுண்ட்டைப் பார்க்க வேண்டும்.

முழுசாக ஒடித்துத் திரும்பும்போது மட்டும் "டக டக டக" என்றால் அது சஸ்பென்ஷனே அல்ல. முன் சக்கரம் இழுக்கும் வண்டி என்றால் ஆக்சில் ஜாயிண்ட். அம்பாசடரில் பின் சக்கரம்தான் இழுக்கிறது. அதில் இந்த ஜாயிண்ட் முன்னால் கிடையாது.

வேகம் ஏற ஏற "ஊம்ம்" என்று சத்தமும் ஏறினால் வீல் பேரிங், அல்லது டயர். வலது பக்கம் திரும்பினால் பாரம் இடது சக்கரத்தில் விழும். அப்போது சத்தம் கூடினால் இடது பேரிங் மேல் சந்தேகம்.

"கிரீச்... கிரீச்" என்றால் காய்ந்த ரப்பர் அல்லது கிரீஸ் இல்லாத மூட்டு. அம்பாசடரில் கிரீஸ் அடிக்க நிப்பிள் வைத்திருக்கிறார்கள். அது அழகுக்கு அல்ல!

கை வைத்தால் தெரியும்

காது சொன்னதைக் கையால் உறுதி செய்ய வேண்டும்.

முன் மூலையை நன்றாக அமுக்கி விடுங்கள். வண்டி ஒரு தடவை எழும்பி அடங்க வேண்டும். இரண்டு மூன்று தடவை ஊஞ்சல் ஆடினால் ஷாக் அப்சர்பர் தளர்ந்துவிட்டது. அதன் மேல் எண்ணெய் வழிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்து சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பது. ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, தூக்கிய பிறகு ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடக் கூடாது. செங்கல்லும் கூடாது. ஜாக்கி சறுக்கினால் உயிர் போய்விடும்!

டயரை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆடுகிறதா? இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். அம்பாசடர் என்றால் கிங் பின். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் ஸ்டீயரிங் எண்டு.

இதற்குப் பெரிய மிஷின் எதுவும் வேண்டாம். இரண்டு ஆளும் பத்து நிமிஷமும் போதும்.

இதில் எதற்குப் பொறுத்திருக்கலாம், எதற்குக் கூடாது? புஷ் சத்தத்தோடு மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை போகலாம். பால் ஜாயிண்ட் ஆடினாலும் ஸ்டீயரிங் எண்டு ஆடினாலும் வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டும். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கி, முன்பக்கம் ரோட்டில் உட்காரும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது.

ஜப்பானில் நடந்தது

இது பயமுறுத்தல் அல்ல. 2004 ஆகஸ்டில் ஜப்பான் நாட்டின் குமாமோட்டோவில் ஒரு டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியில், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி முறிந்தது. வண்டி கட்டுப்பாடு இழந்து எதிரே வந்த கார் மேல் மோதியது. 5 பேர் காயம் அடைந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சுமார் 3 லட்சத்து 30 ஆயிரம் வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைத்துப் பழுது பார்த்தது.

பெரிய கம்பெனி, பெரிய நாடு. அங்கேயே ஒரு கம்பி முறிந்து 5 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இருபது வருஷம் ஓடிய காருக்கு யார் வந்து திரும்ப அழைக்கப் போகிறார்கள்? அதன் சொந்தக்காரர்தான் அழைக்க வேண்டும்!

மெக்கானிக்குகளுக்கு ஒரு வார்த்தை

லாரிக்குப் பேர் போன மாவட்டம் நாமக்கல். கைராசிக்கார மெக்கானிக்குகளுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் சில இடங்களில் சத்தம் என்று சொன்னதுமே, வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், "ஷாக் அப்சர்பர் போச்சு, ரெண்டையும் மாத்திரலாம்" என்கிறார்கள். மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே. அடுத்து லோயர் ஆர்ம். அதற்கு அடுத்து ஸ்டீயரிங். பணம் அம்போ!

வைத்தியர் நாடி பிடிக்காமல் மருந்து கொடுப்பாரா?

கார்க்காரர்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். "அண்ணே, எது ஆடுதுன்னு காட்டுங்க. அப்புறம் மாத்துங்க" என்று கேட்பது அவமரியாதை அல்ல. கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்க வேண்டும். புஷ் மாற்றினால், வண்டி நாலு சக்கரத்தில் நிற்கும்போது கடைசியாக போல்ட்டை இறுக்கச் சொல்ல வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும்.

நல்ல மெக்கானிக் இதற்கெல்லாம் கோபிக்க மாட்டார். கோபித்தால் கடையை மாற்றுங்கள்!

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை

குற்றம் முழுவதும் கார்க்காரர் தலையில் அல்ல. வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டி மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்பது இந்திய சாலைக் காங்கிரஸ் அளவு. ஆனால் பல ஊர்களில் என்ன கிடக்கிறது? ஒரு முழ அகலத்தில் குட்டிச் சுவர்! வெள்ளைக் கோடும் இல்லை. அறிவிப்புப் பலகையும் இல்லை. அதில் தினம் நாலு தடவை மோதினால் புது வண்டிக்கே இடுப்பு ஒடியும்.

15 வருஷம் ஆன காருக்குப் பதிவைப் புதுப்பிக்கப் பரிசோதனை உண்டு. 2022 ஏப்ரலில் அதற்குக் கட்டணமும் உயர்ந்தது. உயர்ந்த கட்டணத்துக்கு உண்மையான பரிசோதனை நடக்க வேண்டும். ஹாரன் அடிக்கிறதா, லைட் எரிகிறதா என்பதோடு நிற்காமல், சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடுகிற சக்கரத்தைப் பார்க்காமல் முத்திரை குத்தும் காகிதம் யார் உயிரைக் காப்பாற்றும்?

70 வளைவு

லீவு நாளில் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் கொல்லிமலைக்குக் கிளம்பும். அறப்பளீஸ்வரர் கோவில், அருவி, கட்டுச்சோறு. குழந்தைகள் பின் சீட்டில். காரவள்ளியில் இருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது 70 தடவை ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டும். இறங்கும்போது இன்னொரு 70, அதுவும் பிரேக் மேல் கால் வைத்தபடி. அத்தனை பாரத்தையும் தாங்குவது முன் சக்கரத்தின் அந்தச் சின்ன மூட்டுதான்.

அது ஆறு மாதமாக "டொக் டொக்" என்று கதவைத் தட்டிக்கொண்டு இருக்கிறது.

யார் என்று ஒரு தடவை திறந்து பாருங்கள். கிளம்புவதற்கு முன்னால் பாருங்கள்!