‘டல்’ விழுங்கிய சொற்கள்

சேலம், நாமக்கல் வட்டாரங்களில் காலை முதல் மாலை வரை ஓயாது ஒலிக்கும் சொற்களுள் ஒன்று ‘டல்’. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் வெள்ளிக் கொலுசு ‘டல்’. இளம்பிள்ளைத் தறியில் சேலையின் நிறம் ‘டல்’. நாமக்கல்லில் முட்டை வணிகம் ‘டல்’. பண்ணையில் கோழி ‘டல்’, வானம் ‘டல்’, வீட்டில் உடம்பு ‘டல்’. இறுதியில், பள்ளியில் பிள்ளையும் ‘டல்’! டகரம் மொழிக்கு முதலாகாது என வரம்பு கட்டினார் தொல்காப்பியர். அவ்வரம்பைத் தாண்டி நுழைந்த இவ்வொற்றைச் சொல், புகுந்த இடந்தோறும் ஒரு தமிழ்ச் சொல்லை வெளியேற்றியிருக்கின்றது.

வெளியேறியவை எவை? ஒளி குன்றினால் மங்கல். கூர் போனால் மழுங்கல். நிறம் போனால் வெளிறல். முகில் கவிந்தால் மூட்டம். வணிகம் தளர்ந்தால் தொய்வு. கோழியோ கன்றோ இரையெடாமல் ஒடுங்கி நின்றால் சுணக்கம். உழைத்த உடம்பு ஓய்வு கேட்டால் அலுப்பு. செய்ததையே செய்து உள்ளம் வெறுத்தால் சலிப்பு. பசியாலோ நோயாலோ துயராலோ வலுவிழந்தால் சோர்வு. வலுவிருந்தும் எழ மனமின்றிக் கிடந்தால் மடி.

இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. ஒவ்வொன்றன் கரணியமும் வேறு, தீர்வும் வேறு. மங்கிய வெள்ளியைத் துலக்க வேண்டும். மழுங்கிய அரிவாளைத் தீட்ட வேண்டும். வெளிறிய நூலுக்கு மீண்டும் சாயம் ஏற்ற வேண்டும். அலுத்தவனுக்கு ஓய்வு மருந்து. மடியனுக்கோ அதுவே நஞ்சு.

சேலம் நகராட்சிக் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை தமிழ் பயிற்றிய மொழிஞாயிறு பாவாணர், தமிழின் சொல்வளத்திற்குப் பயிர்களையே சான்று காட்டினார். நெல்லுக்குத் தாள், கீரைக்குத் தண்டு, சோளத்திற்குத் தட்டை, கரும்பிற்குக் கழி, மூங்கிலுக்குக் கழை, புளிக்கு அடி. குறிக்கும் உறுப்பு ஒன்றே, பெயரோ ஆறு. பயிரின் அடிக்கே இத்தனை வேறுபாடு கண்ட இனம், உள்ளத்தின் நிலைகளுக்கெல்லாம் ஒரே கடன்சொல்லை வைத்து ஒப்பேற்றுவது தகுமா?

வள்ளுவரும் இவ்வேறுபாட்டைப் போற்றினார். 605ஆம் குறளில் காலந்தாழ்த்தல், மறதி, மடி, துயில் ஆகிய நான்கையும் தனித்தனியே எண்ணினார். அறிவுக் குறையையும் அவர் ஒன்றாகக் குவிக்கவில்லை. கல்லாமைக்கு 41ஆம் அதிகாரம். பேதைமைக்கு 84ஆம் அதிகாரம். சிற்றறிவைப் பேரறிவாகக் கருதிச் செருக்கும் புல்லறிவாண்மைக்கு 85ஆம் அதிகாரம். கல்லாதவன் வேறு, பேதை வேறு என்பது அவர் காட்டிய தெளிவு.

ஆங்கிலேயனும் தன் மொழியைப் பாழாக்கவில்லை. கூரற்ற கத்திக்குப் ‘பிளண்ட்’, ஒளி குன்றிய விளக்குக்கு ‘டிம்’, நீண்டு சலிப்பூட்டும் பேச்சுக்கு ‘டீடியசு’ எனத் தன் சொற்களைப் பிரித்தே வைத்திருக்கின்றான். ‘டல்’ என்பதன் பழம்பொருள் அறிவின்மை. ஏனைய பொருள்கள் பின்னர் ஏறியவை. சோர்ந்திருக்கும் பிள்ளையை அச்சொல்லால் சுட்டும்போது, அப் பழம்பொருளே அதன் நெற்றியில் ஒட்டிக்கொள்கின்றது.

கொலுசை ‘டல்’ என்றால் இழப்பு மொழிக்கு. பிள்ளையை ‘டல்’ என்றால் இழப்பு ஒரு வாழ்வுக்கு. வகுப்பின் கடைசி வரிசையில் ஐவர் இருப்பதாகக் கொள்க. ஒருவன் காலையில் உண்ணாது வந்தவன்; அவனுக்குள்ளது சோர்வு. ஒருத்தி இரவெல்லாம் தறியில் பெற்றோர்க்குத் துணைநின்றவள், அவளுக்குள்ளது அலுப்பு. ஒருவனுக்குக் கரும்பலகை எழுத்துத் தெரியவில்லை. குறை பார்வை மங்கலே. ஒருத்தி முன்பே அறிந்த பாடத்தைக் கேட்டுச் சலித்தவள். ஒருவன் கீழ்வகுப்பில் கற்க வேண்டியதைக் கல்லாது ஏறி வந்தவன். வேண்டுவன முறையே உணவு, ஓய்வு, கண்ணாடி, புதுப் பாடம், பழம்பாடம். ஐவர்க்கும் ‘டல்’ என ஒரே முத்திரை குத்திவிட்டால், ஐந்தனுள் எதுவும் கிட்டாது.

1956இல் காமராசர் தொடங்கிய பகலுணவுத் திட்டமும், 2022இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலையுணவுத் திட்டமும், சோர்வைச் சோர்வென்றே கண்டதன் பயன் அல்லவோ? பசித்த பிள்ளையை அறிவிலி என்று ஒதுக்கியிருந்தால் அடுப்பு எரிந்திராது.

‘எம்மொழிதான் கடன் வாங்கவில்லை?’ என்பார் உளர். இல்லாததை வாங்குவது ஒன்று. இருப்பதை எறிந்துவிட்டு வாங்குவது மற்றொன்று. பத்துக் கருவிகளை எறிந்துவிட்டு ஒன்றை வாங்கும் கொல்லனை எவரும் செல்வன் என்னார்.

ஆகவே, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஒன்று செய்தல் வேண்டும். ஒரு பிள்ளையைப் பற்றி ‘டல்’ என்று சொல்ல நாவெழும்போது, சோர்வா, அலுப்பா, சலிப்பா, மங்கலா, மடியா, கல்லாமையா என்று கேட்டுப் பார்த்துப் பின்னரே சொல்லுக. சரியான தமிழ்ச் சொல்லைத் தேடும் அந்நொடியிலேயே பிள்ளையின் உண்மையான குறையும் புலப்பட்டுவிடும்.