டர்போ மாட்டினால் குற்றம், கேஸ் சிலிண்டர் மாட்டினால் சட்டம்

என் சித்தப்பா மகனின் வலது கையில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு தீக்காயத் தழும்பு உண்டு. யார் கேட்டாலும் "அடுப்படியில எண்ணெய் தெறிச்சது" என்பான். ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னான். எண்ணெய் என்பது மட்டும் உண்மை. அது தேங்காய் எண்ணெய் அல்ல, இன்ஜின் ஆயில்.

2022 மே மாதம், உதியன்குளங்கரைக்கும் அமரவிளைக்கும் நடுவில், அவன் ஓட்டிய டீசல் அம்பாசிடரின் பானெட்டுக்குள் தீப்பிடித்தது. ரோட்டோரத்து மண்ணை அள்ளிப் போட்டு அணைத்திருக்கிறார்கள். காரில் அவன் வீட்டுத் தயாரிப்பாக ஒரு டர்போ மாட்டியிருந்தான். இன்ஷூரன்ஸ் பக்கம் போகவில்லை, போலீஸுக்குச் சொல்லவில்லை, டாக்டரிடமும் பொய். ஏன்? டர்போ மாட்டியது குற்றம் என்று அவனுக்குத் தெரியும்.

அவன் மேல் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை மக்களே. இருக்கிறது, அதற்கும் வருகிறேன். ஆனால் என் கோபம் முதலில் சட்டத்தின் மேல்.

முதலில் அந்தக் காரைப் பற்றி. 1489 சிசி டீசல் அம்பாசிடரை ஓட்டியவர்களுக்குத் தெரியும்: ஒரு டன்னுக்கு மேல் கனம், உள்ளே நாற்பது குதிரைக்கும் குறைவான சக்தி. வெள்ளறடை தாண்டிக் குருசுமலை அடிவாரத்துக்கு ஐந்து பேரோடு போனால், ஏற்றத்தில் இரண்டு பேர் இறங்கி நடக்க வேண்டும். சின்ன வயதில் இறங்கி நடந்தவர்களில் நானும் ஒருவன் :-)

டீசல் இன்ஜினுக்கு டர்போ ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. வீணாக வெளியே போகும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றும், அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும். கூடுதல் காற்று, அதற்கேற்ற கூடுதல் டீசல், கூடுதல் இழுவை. சுவிஸ் இன்ஜினியர் ஆல்ஃபிரட் பூஹி 1905லேயே காப்புரிமை வாங்கிய யோசனை. டாடா இண்டிகாவின் 1405 சிசி டீசல் முதலில் டர்போ இல்லாமல் வந்தது. பிற்பாடு அதே இன்ஜினுக்குக் கம்பெனியே டர்போ வைத்து விற்றது. யாரும் அதைக் குற்றம் என்று சொல்லவில்லை.

தம்பி செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். பழைய இரும்புக் கடையில் கிடைத்த ஜீப்பு டர்போ. மார்த்தாண்டம் பக்கத்து லேத்தில் கடைந்த பிளேஞ்ச். மேனிஃபோல்டை வெல்டிங் செய்தது பாறசாலையில் உள்ள எங்கள் ஆசான். ஆசான் பள்ளிக்கூடம் தாண்டாதவர், ஆனால் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு இடைவெளி தப்பு என்று சொல்பவர். அழுத்தத்தைக் குறைவாகவே வைத்தார்கள், டீசல் பம்பைக் கொஞ்சம்தான் திருகினார்கள். வண்டி மூன்றாவது கியரில் ஏற்றம் ஏறியது.

கோளாறு எங்கே? டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றக்கூடியது. அதற்கு அழுத்தத்தோடு ஆயில் போக வேண்டும், போன ஆயில் தடையில்லாமல் கீழே சம்ப்புக்கு வடிய வேண்டும். போகும் பைப்பு இரும்பிலோ, கம்பிப் பின்னல் போட்டதாகவோ இருக்க வேண்டும். இவர்கள் போட்டது சாதாரண ரப்பர் ஹோஸ். அதுவும் டர்பைனின் வார்ப்புக் கூட்டை ஒட்டி. பாரம் இழுக்கும்போது அந்தக் கூடு 600 டிகிரியைத் தாண்டும். ஆயில் தீப்பிடிக்க அதில் பாதி சூடே போதும். ஹோஸ் வெந்து வெடித்தது. மிச்சம் அவன் கையில் இருக்கிறது.

எக்ஸாஸ்ட் பாகங்களைச் சோதிப்பதுதான் ஜெர்மனியில் என் பிழைப்பு. அந்த ஹோஸின் போட்டோவைத் தீப்பிடிப்பதற்கு முன்னால் பார்த்திருந்தால், அரை நிமிடத்தில் "இதை மாத்துலே" என்று சொல்லியிருப்பேன். நான் என்ன, விஷயம் தெரிந்த எந்த வண்டி இன்ஸ்பெக்டரும் சொல்லியிருப்பார். ஆனால் இன்ஸ்பெக்டரிடம் காட்ட முடியாது. காட்டினால் கேஸ்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, 2000ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரள உயர்நீதிமன்றம் கொஞ்சம் தாராளமாகப் பார்த்தது. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, மாநில விதியைவிட மத்தியச் சட்டமே மேல் என்றது. அதே வருடத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

(எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. களியக்காவிளையைத் தாண்டிவிட்டால் தப்பிவிடலாம் என்று. 1956ல் போட்ட கோடு பாஷையைப் பிரித்திருக்கலாம், இந்தச் சட்டத்தைப் பிரிக்கவில்லை. கே.எல். 19 ஆனாலும் டி.என். 75 ஆனாலும் பிரிவு 52 ஒன்றுதான்.)

சரி, பாதுகாப்புக்காகத்தானே என்பீர்கள். அப்படியானால் அதே 52ஆம் பிரிவைக் கொஞ்சம் கீழே வாசியுங்கள். எல்.பி.ஜி., சி.என்.ஜி. கிட் மாட்டி இன்ஜினை வேறு எரிபொருளுக்கு மாற்றலாம், நிபந்தனைகளோடு. புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனம் கிட்டை அங்கீகரிக்கும். ஒர்க்‌ஷாப்காரர் மாட்டுவார். ஆர்.சி. புத்தகத்தில் ஏறும். ஆக, டிக்கியில் அழுத்தம் நிறைந்த கேஸ் சிலிண்டரை வைத்துக்கொண்டு குடும்பத்தோடு குருவாயூர் போகலாம். அது ஆபத்து என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகச் சோதித்து மாட்டினால் ஆபத்து இல்லை. நான் சொல்வதும் அதுதானே? சிலிண்டருக்கு ஒரு வழி வகுக்கத் தெரிந்த அரசுக்கு டர்போவுக்கு ஒரு வழி வகுக்கத் தெரியாதா?

ஜெர்மனிக்காரன் விதிமுறையில் நமக்குக் கொப்பன். இங்கே வண்டியின் சக்தியையோ புகையையோ சத்தத்தையோ பாதிக்கிற மாதிரி மாற்றினால் வண்டிக்கான அனுமதியே போய்விடும். ஆனால் கதை அதோடு முடிவதில்லை. அங்கீகாரம் பெற்ற நிபுணரிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தலாம். பிரேக், டயர், சத்தம், புகை, வெல்டிங் எல்லாம் பார்ப்பார். "சக்தியைக் கூட்டினாயே, நிறுத்துவதற்கு என்ன செய்தாய்?" என்று கேட்பார். பணமும் கணிசமாகப் பிடுங்குவார்கள். தேறினால் வண்டியின் காகிதத்திலேயே அந்த மாற்றத்தை எழுதிக் கொடுப்பார்கள். தேறாவிட்டால் ஏன் என்று சொல்வார்கள். அந்த "ஏன்" இருக்கிறதே, அதுதான் என் தம்பிக்குக் கிடைக்காமல் போனது.

"நம்ம ஊர்ல காசு வாங்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடுவான்" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். போடலாம். ஆனால் 15 வருடம் கழிந்த காரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எப்.சி.க்குக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அந்தப் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை 5000 ஆக்கினார்கள். அந்தக் கையெழுத்தை நம்பலாம், இதை மட்டும் நம்பக்கூடாதா? கையெழுத்து இருந்தால் நாளைக்கு "யார் போட்டது?" என்றாவது கேட்கலாம். இப்போது கேட்க ஆளே இல்லை. எப்.சி.க்கு முந்தின நாள் ராத்திரி டர்போவைக் கழற்றுவார்கள், மறுநாள் சாயங்காலம் திரும்ப மாட்டுவார்கள். ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் ஒரு பைப்பு லூசாகும்.

இனி நம்ம பசங்களுக்கும் நாலு வார்த்தை. சைலன்சரை அறுத்துவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நெய்யாற்றின்கரையை எழுப்புகிறவனுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள அம்பாசிடரில் இழுவையைக் கூட்டிவிட்டு, பிரேக்கைத் தொடாமல் விட்டது என் தம்பியின் முட்டாள்தனம். பெரிய கம்பெனிகளே இதில் சறுக்கியிருக்கின்றன. 1962ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்று டர்போ வைத்த பெட்ரோல் கார் வந்தது. இன்ஜின் நாக்கிங் ஆகாமலிருக்க தனி டேங்கில் ஒரு திரவத்தை ஊற்ற வேண்டும். வாங்கியவர்கள் ஊற்ற மறந்தார்கள். கடைசியில் பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டு சாதா கார்புரேட்டரை மாட்ட வேண்டியதாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸுக்கே அந்தக் கதி என்றால், பழைய இரும்புக் கடைச் சரக்கை வைத்து வேலை செய்கிறவனுக்கு எவ்வளவு கவனம் வேண்டும்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. இன்ன அழுத்தத்துக்கு மேல் கூடாது, ஆயில் பைப்பு இப்படித்தான், பிரேக் இவ்வளவாவது என்று பத்து வரியில் ஒரு விதி. எப்.சி. நடக்கும் அதே இடத்தில் ஒரு சோதனை. ஆர்.சி.யில் ஒரு வரி. தேறாத வண்டி ரோட்டுக்கு வரக்கூடாது, அதில் எனக்கும் சமரசம் இல்லை.

போன லீவில் ஆசானைப் பார்த்தேன். அந்த அம்பாசிடர் ஷெட்டின் பின்னால் கரிபிடித்துக் கிடக்கிறது. "பைப்புதான் ஆசானே தப்பு" என்று விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "இதை அன்னைக்கு யாராவது சொல்லியிருந்தா அந்தப் பயலுக்க கை வெந்திருக்குமா மக்ளே?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தணித்து, இரண்டு ஊர் தள்ளி இன்னொரு பையன் ஜீப்புக்கு இதே வேலை செய்துகொண்டிருப்பதாகச் சொன்னார்.

"அவனுக்கிட்ட பைப்பைப் பத்திச் சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்ல? நான் செய்தேன்னு வெளியே தெரிஞ்சா எனக்க ஒர்க்‌ஷாப்பைப் பூட்டிருவானுவ."

தடை போட்டதால் வேலை நிற்கவில்லை மக்களே, ஒளிந்துகொண்டது. ஒளிந்து செய்கிற வேலையில் ஒருவன் பட்ட சூடு அடுத்தவனுக்குப் பாடமாவதில்லை. அவனும் தனியாகச் சுட்டுக்கொண்டுதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த ஜீப்புப் பையனின் நம்பரை ஆசானிடம் வாங்கி, நானே கூப்பிட்டுச் சொன்னேன். ரப்பர் ஹோஸ்தான் போட்டிருந்தான்.